நகம் இறங்கிய கோடு

12-7-91, வெள்ளி. ஆவடி.

போன மாதம் நாணயச் சங்கத்தில் அச்சு விரிசல் கோடு விழுந்த என் ஒரு ரூபாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வெறும் கீறல்பா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவன் தேவராஜ். காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால் காசில் கோடு மேடாக எழும். கீறல் என்றால் நகம் உள்ளே இறங்கும். இதுகூடத் தெரியாதவன்.

இன்று அவனே ஓர் எட்டணாவோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தான். "இன்னா மச்சான், அச்சு விரிசல்தானே இது? ஞாயித்துக்கெழம சங்கத்துல காட்டப்போறேன்."

கோட்டில் நகத்தை ஓட்டினேன். இறங்கியது. யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்.

"அபூர்வம்டா! எல்லார் கையிலயும் குடுத்துக் காட்டு" என்றேன்.

ராத்திரி என் மனைவி மேரி நகவெட்டியை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வேண்டாம் என்றுவிட்டேன்.