யார் மேல் எறிந்தான்

கண்ணு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகம் என்று போன வாரம் சொன்னாயே, அதை நான் நம்பவில்லை. இதை வீட்டு விலாசத்துக்குப் போடாமல் நீ வேலை பார்க்கும் கடைக்கு ஏன் போடுகிறேன் என்று உனக்கே தெரியும். கல்லாவில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை முடிந்ததும் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது என்று சொன்னேன் அல்லவா. வெளிநாட்டில் உன்னிடம் வரும்போது பஸ்ஸில் நானே டிக்கெட் கேட்கணும் என்றுதான் சேர்ந்தேன். டீச்சர் சின்னப் பெண், ஆனால் கறார். வினைச்சொல்லை மட்டும் படித்தால் போதாது, பின்னால் வரும் குட்டி வார்த்தையையும் சேர்த்துப் படிக்கணும் என்பாள். 'த்ரோ டு' என்றால் எதிராளி பிடிக்கட்டும் என்று போடுவது, 'த்ரோ அட்' என்றால் அவர் மேல் படட்டும் என்று எறிவது. நாங்கள் ஈரத் துணியை ஒருத்திக்கு ஒருத்தி வீசி 'டு, டு' என்று கத்தியதில் சண்டை என்று நினைத்து சூப்பர்வைசர் ஓடி வந்துவிட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்று சாயங்காலம்தான் நீ வீடியோவில் வந்தாய். தட்டு கை தவறி விழுந்துடுச்சும்மா என்றாய், பக்கத்தில் மாப்பிள்ளை தலையாட்டினார். உனக்குப் பின்னால் சுவரில் எண்ணெய் வழிந்திருந்தது, அதுவும் உன் தலைக்கு மேலே. கை தவறிய தட்டு மேலே ஏறியாடி உடையும்? புருவத்தில் பிளாஸ்திரி வேறு. அப்பாவிடம் சொன்னால், புதுசா கல்யாணம் ஆனவங்க, முன்னப்பின்னதான் இருக்கும் என்கிறார். அவருக்குச் சோறு போடுகிறேன், பேச்சு இல்லை.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னாள் டீச்சர். நான் எழுந்து, என் மருமகன் என் மகள் மேல் தட்டை எறிந்தான் என்று இங்கிலீஷில் சொன்னேன். டீச்சர் வெரிகுட் என்று சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்து, எங்களோடு படிக்கும் ஆஸ்பத்திரி வேன் டிரைவர், இதெல்லாம் எல்லா வீட்லயும் நடக்கறதுதானேக்கா என்று இளித்தான். மேஜையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து விட்டெறிந்தேன். நெற்றி பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். விழுந்தவனையும் விடாமல் முடியைப் பிடித்து உலுக்கி, இப்ப சொல்லுடா, நடக்கறதுதானா என்று கேட்டேன். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். தையல் போட்டிருக்கிறது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆனால் கேள், அடுத்த நாள் கட்டுப்போட்ட தலையோடு அவனே வந்து, நான் சொன்னது தப்புதான், என் போன்ல பேசுங்கக்கா என்று நீட்டினான். உன் ஊரில் அடிபட்ட பெண்களுக்கு உதவுகிற ஆபீசின் நம்பரை டீச்சர் தேடி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண்மணி ஹலோ என்றதும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது, டுவும் இல்லை, அட்டும் இல்லை. டாட்டர், ஹஸ்பண்ட், பிளேட், பிளட் என்று சொல்லி ஓவென்று அழுதேன். அந்தப் பெண்மணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் பெற்றவள் சொன்னால் போதாதாம், மகள் தன் வாயால் சொல்லணுமாம், சொன்னால் அன்றைக்கே தங்க இடம் தருவார்களாம். டீச்சர்தான் போனை வாங்கிப் பேசி எனக்கு விளக்கினாள்.

இனி வியாழக்கிழமைதோறும் மதியம் அந்தப் பெண்மணி உன் கடைக்கு வருவாள். கல்லாவில் நின்று கறுப்புக் குடை இருக்கிறதா என்று கேட்பாள், அதுதான் அடையாளம். குடையைக் கொடுத்து அனுப்பிவிடாதே. நல்ல இங்கிலீஷ் வேண்டாம், விழுந்தேன் இடித்துக்கொண்டேன் என்ற கதையும் வேண்டாம், நடந்ததைச் சொல். பாஸ்போர்ட் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். கல்யாணத்தன்று உங்கள் இரண்டு பேரையும் நன்றாக இருங்கள் என்று வாழ்த்தினேன், அதில் அவன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதையும் சேர்த்து உனக்கே தருகிறேன், நீ நன்றாக இருப்பாய்.

வாசல் கதவைத் தாழ்போடாமல் காத்திருக்கும்,
உன் அம்மா