இருபத்தோராவது கை

பிப்ரவரி 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் கோபப்படுகிறீர்கள், நான் அழுகிறேன். அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், இரவில் எத்தனை தடவை என்று சொல்லுங்கள்.

சமூகப் படிப்பின் களப்பணிக்கு இங்கே என்னை ஒரு குடியிருப்போர் சங்கத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்பது வீடு. கீழ்த்தளத்தில் ஓர் அறை. வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதை இடித்து வண்டி நிறுத்தலாம் என்கிறார்கள் பாதிப்பேர். கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. வாயே திறக்கக் கூடாது என்பது பேராசிரியர் உத்தரவு. வருகை நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
பாப்பா அம்மா


பிப்ரவரி 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று ஓட்டெடுப்பு. இருபதுக்கு இருபது. சங்கத் தலைவி பஸ் ஓட்டுகிறவர். வருகை நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று கூட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் உறுப்பினர் என்பது அவர்கள் விதியாம். நான்பாட்டுக்கு மூன்று தடவை போட்டிருக்கிறேன்.

"நீயும் எங்க ஆளுதாம்மா. அறை வேணும்னா கையத் தூக்கு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. சும்மா எழுதிக்கிட்டே இருக்காத."

பேனாவை மூடினேன். கையைத் தூக்கினேன். அறை பிழைத்தது.

கல்லூரிக்குத் தெரிந்திருக்கும்.

பாப்பா அம்மா


மார்ச் 2

அன்புள்ள உனக்கு,

இரவில் இரண்டு தடவை இருமினாள். இப்போது இல்லை.

உன் படிப்புக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் கல்லூரி எனக்கு எழுதியிருக்கிறது. ஓட்டைத் திரும்பப் பெறாவிட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்களாம். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று டைப் செய்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. நான் பாப்பாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டது நீ பாதியில் திரும்பி வரவா?

அக்கா கேட்கிறாள்: "பெத்த பிள்ளைய என்கிட்ட விட்டுட்டு, அங்க யார் பிள்ளைக்கு இடம் பிடிக்கிறா?" அதற்கு நீயே பதில் எழுது.

பிடிவாதம் வேண்டாம்மா.

நான்


மார்ச் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

அண்ணி கேட்டது நியாயம். பதிலை அவரிடம் படித்துக் காட்டுங்கள்: அண்ணி, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்ததால்தான் என்னால் விமானம் ஏற முடிந்தது. இங்கே இந்தப் பெண்களுக்கு அண்ணி கிடையாது. அந்த அறைதான் அண்ணி.

நீங்கள் தலை பின்னுவதை நினைத்து இரண்டு நாள் அழுதேன். அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். விதி தெரியாமல் நோட்டில் கையெழுத்துப் போட்டது உண்மை. தெரியாமல் கை தூக்கவில்லை. யாருக்காக, எதற்காக என்று தெரிந்துதான் தூக்கினேன். வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுக்க மட்டும்தான் சமூகப் படிப்பு என்றால், அதற்கு நம் வீட்டு ஜன்னலே போதும்.

திங்கட்கிழமை கல்லூரியில் விசாரணைக் குழு. இதையேதான் சொல்லப்போகிறேன். நிறுத்தினால் நிறுத்தட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். யாரும் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

உங்கள் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். உத்தரவாதத்திலிருந்து விலகுவதாக இருந்தால், அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் நீங்கள் உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். என் பெயரில் எழுதாதீர்கள்.

பாப்பா அம்மா