தூரத்து வீட்டில் ஈயம்

11 ஜூன் 2024, செவ்வாய்
கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. பழைய பேட்டரிகளை உருக்கும் ஆலையின் புகைதான் அவர்கள் உடம்பில் ஈயம் ஏற்றுகிறதா? அதுதான் என் ஆய்வு. திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன்.

19 ஜூன்
கணக்கு இடிக்கிறது. ஆலைக்கு வெகுதூரத்தில் இருக்கும் சில பிள்ளைகளுக்கும் ஈயம் அதிகம். வறுமை, குடிதண்ணீர், சுவர்ப் பெயின்ட் எல்லாவற்றிலும் ஒத்த குடும்பங்களாகத் தேடி ஒப்பிட்டேன். மிஞ்சுவது ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஆலை உலையில் வேலை செய்கிறவர்கள். தூசி அவர்கள் சட்டையோடு வீட்டுக்கு வருகிறது.

என் தம்பி ஜோஷ்வாவும் அந்த உலையில்தான். தன் பாப்பாவுக்குப் புகை படக்கூடாதென்றுதான் அவ்வளவு தள்ளித் திருநின்றவூரில் வீடு எடுத்தான். மூன்று வயதாகியும் அவளுக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. ஈயம் ஏறினால் பேச்சும் பிந்தும்.

கடவுளே, நான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும்.

20 ஜூன்
கணக்கை மறுபடி போட்டேன். தப்பில்லை.

23 ஜூன், ஞாயிறு
சர்ச் முடிந்து தம்பி வீடு. பாப்பாவுக்கு ரத்தம் பரிசோதிக்கலாம் என்றேன்.

"இன்னாக்கா பேசுற? அவளுக்காகத்தான் இம்மாந்தூரம் போய் வந்துக்கினு இருக்கேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னிய வெளிய அனுப்பிடுவான்."

அவன் மனைவி ஆரோக்கியமேரி வீட்டுக்குப் பின்னால் அவனுடைய வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா அந்த வாளிக்குள் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

2 ஜூலை
ஆலை மேலாளர் மோகன்ராஜ் போனில். ஆலையை விரிவாக்குவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் பேசப்போவது அவருக்கு எப்படித் தெரியும்? குரலில் அவ்வளவு மரியாதை.

"உங்க தம்பி நம்மகிட்டதானே இருக்காரு மேடம்? நல்ல பையன்."

வைத்துவிட்டார்.

பேசினா அவன் வேலை போயிடும். பேசலன்னா — பாப்பா?

5 ஜூலை
கூட்டத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா?

9 ஜூலை
பேசினேன். ஆலையிலேயே குளித்து உடை மாற்ற வசதி, தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பரிசோதனை. இவ்வளவுதான் கேட்டேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "கம்பெனிய மூடிட்டா நீயா சோறு போடுவ?" என்று கத்தினார். மூடச் சொல்லவில்லை என்றேன். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வாசல்வரை தனியாக நடக்கப் பயமாக இருந்தது.

11 ஜூலை
ஜோஷ்வாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "சந்தோஷமாக்கா?" என்றான்.

3 ஆகஸ்ட்
ஆரோக்கியமேரி பிடிவாதம் பிடித்துப் பாப்பாவை எங்கள் ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்காகக் கூட்டி வந்தாள். ஈயம் அதிகம். இனிமேல் உடம்பில் சேராமல் பார்த்துக்கொண்டால் மெல்ல இறங்கும் என்றார் டாக்டர். பேச்சு? பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

17 ஆகஸ்ட், சனி
ஜோஷ்வா அதே ஆஸ்பத்திரிக்கு ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்களோடு வந்து இறங்கினான். எல்லோரும் அந்த உலைக்காரர்கள். முகத்தை மறைக்கிற மாதிரி துண்டு, தோளில் பிள்ளைகள்.

அவன் என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸிடம் சொன்னான்: "இந்தப் புள்ளைங்களுக்கும் ரத்தம் எடுக்கணும்மா. பேர் எதுவும் வெளிய போவக் கூடாது."