ஒரு விரல் வணக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நல்ல சுகம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்த குடோனுக்கு சைக்கிளில்தான் போகிறேன். இங்கே எதிரே சைக்கிளில் வருபவர்கள் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அதுதான் வணக்கம். எனக்கு எங்கே தெரியும்? முதல் நாள் பாலத்தடியில் ஒரு பெரியவருக்கு இறங்கி நின்று இரண்டு கையாலும் கும்பிடு போட்டேன். பிடிக்க ஆளில்லாத சைக்கிள் என் காலிலேயே விழுந்தது. சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்லாதே.

"என்னப்பா, பஞ்சரா?" என்று பதறினார்.

"இல்லைங்க, மரியாதை."

"ஒரு விரல் போதும்ப்பா!" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவர் விரல், என் விரல். குடோன் இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. நாள் முழுக்க என்னை விசாரிப்பது அந்த விரல் ஒன்றுதான்.

நேற்று ஞாயிறு, வேலை இல்லை. ஆனாலும் ஏழு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு பாலம்வரை போனேன். அவரைக் காணோம். அவருக்கும் லீவுதானே! உன் அப்பனுக்கு மூளை அவ்வளவுதான். இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

இங்கே வாங்கிய சைக்கிளில் மணி இல்லை; வீட்டில் இருக்கும் என் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றி அனுப்பு. கழற்றும் முன், அங்கே நான் முன்பு வேலைவிட்டு வந்த நேரத்துக்கு வாசலில் ஒரு தடவை அடி. அம்மா எட்டிப் பார்க்கிறாளா என்று எழுது.

நேரமாகிவிட்டது, ஏழு அடிக்கப்போகிறது.

அப்பா