உன் சின்ன போர்டுக்கு ஆள் வந்தது

இன்று காலை, நீ கடலில் ஓட்டிய போர்டைச் சுற்றியிருந்த நைந்த நூல் புடவையை அவிழ்த்தேன். உப்பும் ரெசின் பிசினும் கலந்த அந்த வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கோவளம் கடற்கரையில் ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே நீ என்னைத் திட்டுகிற சத்தம் காதில் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்துவிட்டேன். பின்னால் உன் அம்மாதான் காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

"செவுத்துல சாஞ்சிக்கினு சும்மா கெடக்குதும்மா. யாராவது ஓட்டுனா அவளுக்கும் சந்தோசமா இருக்கும். வர்ற பொண்ணுக்கு ஒத்து வந்தா குடுத்துடு. வரலன்னா நீயே வச்சிக்க. எனக்கு இன்னா தெரியும், உனக்குத்தான தெரியும்" என்றார்.

வாங்க வருகிறவள் வாலாஜாபாத்தில் பள்ளிக்கூட டீச்சராம். கோவளத்தில் கற்றுக்கொண்டு, இப்போது முதல் சின்ன போர்டு தேடுகிறாளாம். முன்பின் பார்த்திராத அந்தப் பெண் மேல் விடிந்ததிலிருந்து எனக்கு ஒரே எரிச்சல். 'ஒத்து வராது' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் போர்டு என் வீட்டுக்கு வந்துவிடும். அந்த வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் உன் வீட்டு வாசல் ஏறினேன்.

உனக்கும் எனக்கும் கடலோடு என்ன ஒட்டா உறவா? நீ காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். நான் எதிர் வரிசை மருந்துக்கடையில் நிற்கிறவள். பஸ்ஸும் லாரியும் ஓடும் ரோட்டுக்குக் குறுக்கே கையை ஆட்டியே பேசிப் பழகியவர்கள் நாம். ஒரு லீவு நாளில் கோவளம் போனோம். அங்கே ஒருத்தி, பாய் கட்டிய போர்டு மேல் நின்று, காற்றைப் பிடித்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனாள். விண்ட்சர்ஃபிங் என்று பெயர் சொன்னார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, "எங்கப்பா கத்துக் குடுக்கறாங்க?" என்று கேட்கப் போய்விட்டாய்.

நீ எப்போதுமே அப்படித்தான். நான் நின்று யோசிப்பதற்குள் நீ பாதி தூரம் போயிருப்பாய். கதவு அகலத்துக்கு இருக்கிற பயிற்சி போர்டில் நான் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, உனக்குச் சின்ன போர்டு வந்துவிட்டது. குட்டையாக, வெள்ளையாக, ஓரத்தில் நீலக் கோடு போட்டது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு உனக்கு. அது உன்னைத் தூக்கிக்கொண்டு அலை மேல் சறுக்கியே போகும். கரையில் நிற்கிற மீன்காரர்கள் வலையை விட்டுவிட்டு உன்னைப் பார்ப்பார்கள். 'எங்க ஊருப் பொண்ணு' என்று எல்லோரிடமும் போய்ச் சொல்லலாம் போல எனக்கு இருக்கும். இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அப்புறம் உன் உடம்புக்கு வந்தது. நீ யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மாத்திரை வாங்க என் கடைக்குத்தானே வரவேண்டும்? சீட்டை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். "மூஞ்ச அப்படி வச்சிக்காதடி, கஸ்டமருங்க பயந்துடுவாங்க" என்றாய். அன்றைக்குப் பிறகு நீ கடலுக்குப் போகவில்லை.

எனக்கும் அந்த நேரத்தில்தான் கால் நிதானப்பட்டு, சின்ன போர்டு வாங்கலாம் என்கிற தைரியம் வந்திருந்தது. வேறெந்த போர்டையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "உன்னுத எனக்குக் குடுடி" என்று கேட்டேன். நீ ஓட்டாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும், அதில் நீ இருப்பாய் என்று என்னென்னவோ கற்பனை. நீ பட்டென்று, "வேணாம். அது உனக்கு ஆகாது" என்றாய்.

கடையிலும் உனக்கு இதே வாய்தான். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களிடம், "இது இவங்க நெறத்துக்கு எடுக்காதும்மா, வெல கம்மியானாலும் அத்த எடுங்க" என்று முதலாளி காதுபடவே சொல்வாய். அவர் பல்லைக் கடிப்பார். ஆனால் அடுத்த கல்யாணத்துக்கு அதே குடும்பம் வந்து, "மூக்குத்தி போட்ட பொண்ணு எங்க?" என்று உன்னைத்தான் தேடும். அதையெல்லாம் எதிர்க்கடையிலிருந்து பார்த்து ரசித்தவள்தான் நான். என்னிடமே அந்த வாயைக் காட்டியபோது மட்டும் சுருக்கென்று தைத்தது. நீ கையை ஆட்டினால் நான் மருந்து அடுக்குவது போல் திரும்பிக்கொண்டேன்.

நீயே ரோட்டைத் தாண்டி வந்தாய். மூச்சு வாங்கியது. "கோவமா கீறியா? கேளு. என் போர்டு எம்பத்தஞ்சு லிட்டர். லிட்டருன்னா இன்னா, அவ்ளோ கிலோவத் தண்ணி மேல தாங்கும். நீ எழுவது கிலோ. பாயி, கம்பம், ஈரத் துணி, போர்டோட கனம் எல்லாம் சேத்துக்க. காத்து அடிக்கிற வரைக்கும் ஓடும். நின்னுச்சுன்னா உன்னோட சேந்து முழுவும். தண்ணியில கெடந்தபடியே பாயத் தூக்கிக் காத்தப் புடிச்சி எழும்பத் தெரியுமா உனக்கு? தெரியாதில்ல? உனக்கு நூத்திப் பத்துக்கு மேல வோணும். நானே கூட வந்து எடுத்துத் தரேன்."

வந்தாய். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை முடிந்து சொந்த நாட்டுக்குக் கிளம்பும் வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர், தன் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் இரண்டு போர்டுகளை வைத்திருந்தார். ஒன்று பளபளவென்று சிவப்பு. இன்னொன்று மஞ்சள், வெயிலில் வெளுத்து, கீறல் விழுந்து, மூக்கில் ஒட்டுப் போட்டு, பார்க்கவே பாவமாக இருந்தது. நான் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு நல்ல கனம். "இதாண்டி கெட்டி சரக்கு. கனமா இருக்குது பாரு" என்றேன்.

நீ சிரித்தாய் பார், அப்படியொரு சிரிப்பு. சிரித்துச் சிரித்து மூச்சு திணறி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாய். "காஞ்சிபுரத்துக்காரின்னு காட்டிட்ட! கனத்தப் பாத்து வாங்கறதுக்கு இது இன்னா பட்டுப் பொடவையா?"

கனமான பட்டு நல்ல பட்டு என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர். நான் வேறெப்படி யோசிப்பேன்?

நீ எழுந்து வந்து சிவப்பை முதலில் குப்புறப் போட்டாய், புடவையின் பின்பக்கத்தைப் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்த்தி, கால் நுழைக்கிற வார்ப் பட்டைகளைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாய். ஓர் இடத்தில் மேல் தோல் அமுங்கி நொறுநொறுத்தது. நடுவில் காற்றுத் துளையை மூடியிருந்த திருகைக் கழற்றி, போர்டைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாய். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அந்தக் கனமெல்லாம் உள்ளே ஊறிக் கிடந்த கடல்! பாவம், இன்ஜினியருக்கே அது தெரியாது; காது வரை சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

மஞ்சளையும் அதே மாதிரி அழுத்திப் பார்த்தாய், முட்டியால் தட்டிப் பார்த்தாய். எங்கும் கெட்டியான சத்தம். "இத்த எடு" என்றாய்.

"மூக்குல ஒட்டுப் போட்டிருக்குதேடி" என்று இழுத்தேன்.

"ஒட்டு வெளிய தெரியுதில்ல? மறைக்காம போட்டிருக்கான். அத்த நம்பலாம்."

கோவளம் வரை உன்னால் வர முடியாது என்பதால், தென்னேரி ஏரியில்தான் மஞ்சளை முதலில் இறக்கினோம். மழை முடிந்து ஏரி நிறைந்திருந்தது. நீ கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு கரைமேல் உட்கார்ந்திருந்தாய். நன்றாகத்தான் போனேன். நட்ட நடு ஏரியில் காற்று பொசுக்கென்று நின்றது. பாய் தண்ணீரில் சாய்ந்தது, நானும் விழுந்தேன். ஆனால் ஏறி நின்றபோது மஞ்சள் என்னைத் தாங்கியது. கயிற்றைப் பிடித்து நிதானமாகப் பாயைத் தூக்கி, இருந்த கொஞ்சக் காற்றில் ஊர்ந்து ஊர்ந்து கரை சேர்ந்தேன்.

நீ எழுந்தே நின்றிருந்தாய். கண்ணெல்லாம் தண்ணீர். வாய் மட்டும் அடங்கவில்லை. "பாசத்துல என் போர்டக் குடுத்திருந்தேன்னா, இன்னேரம் உன்ன வலை போட்டுத் தேடிக்கினு இருந்திருக்கணும்" என்றாய். அடுத்த மழைக்கு நீ இல்லை.

இன்று பத்து மணிக்கு அந்த டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உன்னைப் போலவே கொடி உடம்பு. தப்பான பதில் வராதா என்ற ஆசையில் கேள்விமேல் கேள்வி கேட்டேன். நடுக் கடலில் காற்று நின்றால் என்ன செய்வாய் என்றேன். சரியாகச் சொன்னாள். தண்ணீரில் கிடந்தபடியே பாயைத் தூக்கி எழும்பத் தெரியுமா என்றேன். "அதுக்குத்தாங்க்கா ஒரு சீசன் முழுக்க உப்புத்தண்ணி குடிச்சேன்" என்று சிரித்தாள். பேசிக்கொண்டே போர்டைக் குப்புறப் போட்டுத்தான் பார்க்க ஆரம்பித்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "எனக்கு இது சரியா வருமாக்கா? நீங்க வேணாம்னு சொன்னா விட்டுடறேன்" என்றாள்.

உன் அம்மா என்னைப் பார்த்தார். 'இது உனக்கு ஆகாது.' நீ என்னிடம் சொன்ன அதே வார்த்தைதான். எடுத்து விட்டால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் உன் வாயிலிருந்து வந்தபோது அது நிஜம். அதைத் திருடிப் பொய்யாக்க எனக்கு வாய் வரவில்லையடி.

"உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதும்மா. எடுத்துக்க" என்றேன். "பின்னாடி எடது பக்கப் பட்டையில ஒரு திருகு லூசா இருக்கும், தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடி முறுக்கிக்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அம்மா உள்ளே போய் மூக்கைச் சிந்துவது கேட்டது.

போர்டு போய்விட்டது. சுற்றியிருந்த புடவை மட்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் வீட்டு மாடியில் மஞ்சளுக்கு அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். உன் சின்ன போர்டுக்கு அளவாக இருந்த புடவை இதற்குப் பத்தவில்லை. எப்படி இழுத்துச் சுற்றினாலும் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஒட்டு தெரிய. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.