மிதி வேலையை விட்டுப் பாண்டிக்கு

தை 3, சனி. காணும் பொங்கல்

காலையில் நல்ல பனி. ஏழரை பஸ், மரக்காணத்திலிருந்து பாண்டி. கடைசி வரை நின்றுகொண்டே.

கூட ராணி. உப்பளத்தில் பதினோரு வருஷமாக என் ஜோடி. மழை முடிந்ததும் உப்புப் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்து, ஒரே நடையாக. தனியாள் மிதித்தால் தரை நிற்காது.

மேஸ்திரி நேற்று சொன்னது: "ஒரு நாள் போய்ட்டு வாங்க. நாயித்துக்கெழம மிதி ஆரம்பிக்குது. வரலன்னா வேற ஜோடி போட்டுடுவேன்."

"மூணு நாளுங்க. செவ்வாக்கெழம காலைல வர்றோம்," என்றேன்.

போடட்டும். வயசு நாற்பத்தாறு. ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் ஊர், அதை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

பீச்சில் ஒரே தலை. பழைய துறைமுகப் பாலத்தின் கம்பங்கள் கடலுக்குள் மிச்சம். ராணி ஐஸ் இரண்டு. நான் சுண்டல்.

தங்கல் பொம்மையார்பாளையம், ராணியின் தங்கை வீடு.

தை 4, ஞாயிறு

வெயில். பார்த்தவை: மஞ்சள் வீட்டுத் தெருக்கள், லைட் ஹவுஸ், பெரிய சர்ச், யானைக்கு வெள்ளிக் கொலுசு போட்ட படம் ஒரு கடையில்.

ஒரு பெரிய காபி கடை. தரை பளபளவென்று வெள்ளை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டோம், இரண்டு பேரும். வாட்ச்மேன் சிரிப்பு. "யம்மா, இது கோயில் இல்ல. போட்டுனு போங்க." பாத்தியில் செருப்புக் கால் வைத்தால் தரை கெட்டுவிடும். வெள்ளைத் தரையைக் கண்டால் கால் தானாகக் கழற்றிவிடுகிறது, என்ன செய்ய.

உள்ளே எங்களுக்குக் கை கழுவும் இடத்துப் பக்கம் ஒரு டேபிளைக் காட்டினார்கள். நான் சன்னல் டேபிளில் உட்கார்ந்தேன்.

"மேடம், அது ரிசர்வ்டு."

"அவங்க வந்தா எழுந்திரிக்கிறோம்மா."

யாரும் வரவில்லை. காபி ஒரே கசப்பு. முழுவதும் குடித்தேன்.

தை 5, திங்கள்

மேகம். அரிக்கமேடு. அந்தக் காலத்தில் கப்பல் வந்த ஊர் என்றார்கள். இடிந்த செங்கல் சுவர், மரங்கள், ஆறு. ஆள் இல்லை. நிம்மதி.

அங்கேயே மேஸ்திரி போன். "ஏம்மா கலா, புது ஜோடி மிதிச்ச பாத்தி ஒழுவுது. இன்னிக்கே வந்துடு."

"சொன்னது நாளைக்குங்க."

ராணிக்கு முகம் செத்துவிட்டது. "போயிடலாம்க்கா. எம் முட்டியப் பாத்தா எப்படியும் தூக்கிடுவான். கோவம் வேற வந்துச்சின்னா அவ்ளோதான்."

இரண்டு வருஷமாக முட்டி மோசம். அவள் நடைக்கு என் நடையைக் குறைத்துத்தான் மிதிக்கிறோம். மேஸ்திரி கண்ணில் படாது என்று நினைத்திருந்தேன்.

போகவில்லை. நாளைக்கு என்றால் நாளைக்கு.

தை 6, செவ்வாய்

ஆறரைக்கு உப்பளம். சொன்ன சொல் தவறவில்லை.

மேஸ்திரி என்னை மட்டும் பார்த்துப் பேசினான். "கலா, நீ எறங்கு. ராணி வேணாம், முட்டி போச்சு அவளுக்கு. புதுப் பொண்ணு ஒன்னு இருக்குது, உன் கூட போடறேன்."

ராணி கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"நாங்க ஜோடிங்க. எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

வேணும். வீட்டில் அவருக்கு வேலை போய் ஆறு மாதம். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

"உங்க பாத்தி ஒழுவட்டுங்க," என்றேன். திரும்பி நடந்தோம். அவளுக்கு ஏற்ற மாதிரி மெதுவாக.

ரோட்டுக்கு வந்ததும் ராணி அழுகை, கூடவே திட்டு. "இன்னாக்கா, பைத்தியமா உனக்கு? நீயாவது எறங்கி இருக்கலாம்ல?"

"அழுவுறத பஸ்ல அழு."

கடப்பாக்கம் போகிற பஸ். கையைக் காட்டினேன். ஏறிவிட்டோம். அங்கே இருக்கும் ஆலம்பரைக் கோட்டையை இன்னும் பார்க்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேலை தேட வேண்டும், இரண்டு பேருக்கும். கோட்டையைப் பார்த்துவிட்டு.