வியாழனின் ஒளியும் உன் அம்மாவின் சம்மதமும்

தி.நகர்,
புதன்கிழமை

அன்பு மகள் சிந்துவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், பெல்ஜியம் குளிரில் உன் சுகத்தை நீ எழுதினால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அண்ணன் இருந்திருந்தால் இதை அவர் எழுதியிருப்பார், இப்போது உனக்கு அப்பாவும் நான்தானே.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கவேண்டும், அம்மாவிடம் நீங்கள்தான் பேசணும் என்று கேட்டிருந்தாய். மதினியோ பாளையங்கோட்டை வரன் காத்திருக்கிறது, தையில் வந்து சேரட்டும் என்று ஒரே பிடி. எட்டாவதோடு நின்றாலும் விஞ்ஞானம் எனக்கு வெல்லம் அல்லவா, நீ வேலைபார்க்கும் அந்த இணையதளத்தை நம் புடவைக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டரிலேயே திறந்துவிட்டேன். வியாழன், சனி இரண்டின் துருவ ஒளியும் வருஷவாரியாகப் படம் படமாக நிற்கிறது. முகூர்த்தக் கூட்டம் முழுக்க என்னைச் சுற்றித்தான், பாண்டி பஜாரே ஸ்தம்பித்தது என்று வைத்துக்கொள். சூரியன் ஊதுகிறது, கிரகத்தின் காந்தம் பிடித்து இழுக்கிறது, உச்சியில் ஜொலிக்கிறது, அதற்கெல்லாம் பொறுப்பு என் மகள் என்றேன். உடனே இரண்டு பேர் சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் கேட்டு ஜாதகத்தை நீட்டினார்கள். எள் தீபம் போதும் என்று உன் பெயரில் சொல்லி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பில் போடும் பாஞ்சாலி, இன்னா அண்ணாச்சி, கிரகத்துக்குக் கிரீடம் வச்சா மாதிரி கீது என்று வாயைப் பிளந்தாள்.

அன்று கடைக்கு வந்திருந்த மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து, இது நெசக் கலரா கொழுந்தனாரே, இல்ல லைட்டுல தெரியுத கலரா என்று கேட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு நீங்கள்தான் கலர் கொடுக்கிறீர்கள் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தும், கியாரண்டி கலர் மதினி, சாயம் போகாது என்று அடித்துவிட்டேன். யாரு வேணும்னாலும் பாக்கலாமா, துட்டு கிடையாதா என்றார்கள். உலகமே பார்க்கலாம், இலவசம் என்றேன். எதிரே கூட்டம் பிரித்துப்போட்ட புடவைகள் மலையாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து மடித்துக்கொண்டே, இத்தன பேரு பாக்கணும்னா, ரகம் பாத்து அதது தட்டுல அடுக்கி வைக்க ஆளு வேணும்லா, அதானா அவ பாக்குத வேலை என்றார்கள். அதேதான் மதினி என்றேன். எல்லாம் என் வகுப்பின் மகிமை! அன்று சாயங்காலமே பாளையங்கோட்டைக்குப் போன்போட்டு, பிள்ளைக்கு அங்க வேலை கிடக்கு, நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்க்காமல் தலையைக் காயப்போடாதே. வியாழன் படம் பெரிதாக ஒன்று அனுப்பு, கீழே உன் பெயரைப் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டவேண்டும். திருச்செந்தூர் முருகன் உன் கூடவே நிற்பான். மறக்காமல் எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறார்கள்: பாதி மடிப்புல போட்டுட்டு வந்துராத.

உன் சித்தப்பா,
கணேசமூர்த்தி